நல்ல காலுக்குப் போட்ட கட்டு

காயமே இல்லாத ஒரு காலுக்கு நான் ஒருமுறை கட்டுப் போட்டிருக்கிறேன். அது எங்கள் ஆட்டின் வலது முன்னங்கால். அந்தக் கட்டினால் ஆடும் தப்பவில்லை. ஒரு மனிதரும் தப்பாமல் போகப் பார்த்தார். இப்போது எனக்கு உங்கள் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தினமும் ஒரு விபத்து நடக்கும். எல்லா விபத்திலும் அடிபடுகிறவன் நான்தான். என் மூத்த சகோதரியை ராத்தா என்று கூப்பிடுவேன். அவளுக்குப் பதினாலு வயது. பாடசாலை முதலுதவிக் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்ததும் பாடசாலைகளுக்கு இடையில் போட்டி இருந்தது. அதனால் டீச்சர் குழுவின் முதலுதவிப் பெட்டியை அவளிடம் கொடுத்து, வீட்டில் வைத்துப் பழகிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். பழகுவதற்குப் பெட்டி மட்டும் போதாதே, காயப்பட்ட ஆள் ஒருவரும் வேண்டுமல்லவா? ஒரு பின்னேரம் நான் தென்னையிலிருந்து விழுவேன். அடுத்த பின்னேரம் பஸ்ஸில் அடிபடுவேன். பாயில் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். ராத்தா என் கையை உயர்த்திப் பிடித்து, "காயத்தின்" மேல் துணியை வைத்து, தன் பாரத்தை எல்லாம் போட்டு அமத்துவாள். தலையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு குட்டு விழும்.

"ரத்தம் நிக்கிற வரைக்கும் துணியத் தூக்கிப் பாக்கப்படாது. பாத்தா மாக்ஸ் குறையும்" என்பாள்.

மார்க்ஸ் குறையும் என்பதற்காகத்தான் காயத்தைத் திறந்து பார்க்கக் கூடாது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

பெட்டியில் இருந்த நல்ல சாமான்களை அவள் எனக்குப் பாவிக்கவில்லை. எனக்கு உம்மாவின் பழைய சாரியைக் கிழித்த துணிதான். கடதாசி உறை பிரிக்காத இரண்டு பெரிய பஞ்சுப் பட்டைகளும், இரண்டு பண்டேஜ் சுருள்களும், ஒரு முக்கோணத் துணியும், ஒரு சோடி கையுறையும் போட்டிக்கென்று அப்படியே இருந்தன. இரவில் பெட்டி அவளுடைய தலைமாட்டில் இருக்கும். அவ்வளவு கவனம்.

வாப்பா அந்த வருடம் வெளிநாட்டில் இருந்தார். பெருநாளில் ஆடு அறுத்துக் குர்பான் கொடுப்பதற்குக் காசு அனுப்பி, பொறுப்பை மாமாவிடம் விட்டிருந்தார். மாமா என்றால் உம்மாவின் காக்கா, மூத்த சகோதரர். சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் சேர்ந்திருந்த எங்கள் வளவில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர்தான் இறக்காமத்தில் இருந்து ஒரு ஆட்டுக் கடாவைக் கொண்டுவந்து கட்டினார். மூன்று கிழமை அதற்கு நான்தான் இலை குழை போட்டேன். தண்ணீர் வைத்தேன். அது என் கையை நக்கும். நான் அதற்கு ராசா என்று பெயர் வைத்தேன். பெயர் வைக்காதே, பின்னுக்கு அழுவாய் என்று உம்மா அப்போதே சொன்னார். நான் கேட்கவில்லை.

பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி ஓதுகிற பள்ளியில் லெவ்வை ஒரு விஷயம் சொல்லித் தந்தார். குர்பானுக்குக் கொடுக்கும் பிராணியில் குறை இருக்கக் கூடாது. கண் தெரியாதது ஆகாது, நொண்டி நடப்பது ஆகாது. மற்றப் பிள்ளைகள் அதைப் பாடமாக்கினார்கள். எனக்கு அது பாடமாகத் தெரியவில்லை, வழியாகத் தெரிந்தது.

பெருநாளுக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா மருதோன்றி அரைக்க அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். மருந்து கட்டுவது எனக்குத் தெரியாத வேலையா? நூறு தரம் எனக்கே கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பட்டைகளையும் ராசாவின் முழங்காலுக்கு முன்னும் பின்னும் வைத்து, இரண்டு சுருளையும் சுற்றி, அழகாக முடிந்தேன். ராத்தாகூட அப்படிக் கட்டியிருக்க மாட்டாள். ராசா கட்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் குழை தின்னத் தொடங்கியது. நொண்ட வேண்டும் என்று அதன் காதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் மாமா கட்டைக் கண்டார். கால் முறிந்துவிட்டது, இது குர்பானுக்கு ஆகாது என்று நான் லெவ்வையின் குரலிலேயே எடுத்துச் சொன்னேன். மாமா சுற்றைப் பிரித்தார். பிறகு ஒரு பலாக் குழையை எடுத்துத் தூரத்தில் பிடித்தார். மூன்று கிழமை என் கையால் சாப்பிட்ட ராசா, நாலு காலாலும் துள்ளிக்கொண்டு மாமாவிடம் ஓடியது. வளவில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். பட்டையும் சுருளும் ரத்தம் விடுவதற்கு வெட்டியிருந்த குழிக்குள் போயின. அது எங்கிருந்து வந்த துணி என்று ஒருவரும் கேட்கவில்லை. ராத்தா உள்ளே சோறு வடித்துக்கொண்டு நின்றாள்.

நான் அறுப்பதைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில், முருங்கை மரத்தில் சாய்ந்து, ஒருவரோடும் கதைப்பதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தேன்.

இனி சாச்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உம்மாவின் தங்கச்சியை, அதாவது என் சாச்சியைக் கலியாணம் முடித்து நாலு மாதந்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படி எங்கள் வளவுக்கு வந்தவர் அவர். கல்முனையில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை. மெலிந்த ஆள். எந்த நேரமும் சிரிக்க வைக்கிற ஒரு பகிடி வாயில் இருக்கும். புது மாப்பிள்ளைக்கு முதல் பெருநாளில் ஒரு வேலையும் கொடுக்க மாட்டார்கள். நல்ல கதிரையைப் போட்டு, வட்டிலப்பத்தைக் கையில் கொடுத்து, விருந்தாளி மாதிரி இருத்தி வைப்பார்கள். மற்ற ஆம்பிளைகள் எல்லாம் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறைச்சி வெட்டும்போது தான் மட்டும் வட்டிலப்பம் சாப்பிடுவது சாச்சாவுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. எழும்பிப் போய் மாமாவிடம் கத்தி கேட்டார். கடதாசி வெட்டுகிற கைக்கு இது சரிவராது மச்சான் என்று மாமா சிரித்தாராம். அந்தச் சிரிப்புத்தான் அவரை விடவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு குந்திவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கிணற்றடிக்கு வந்தார். இடது கையைச் சாரனின் முன்பக்கத்தால் சுற்றிப் பிடித்திருந்தார். சாரன் முழுதும் ரத்தம். பிள்ளைகளே, வேறெந்த நாளாக இருந்தாலும் ஊரே கத்தியிருக்கும். ஆனால் அது ஹஜ்ஜுப் பெருநாள் காலை. வளவில் நின்ற ஒவ்வோர் ஆம்பிளையின் சாரனிலும் ரத்தம் இருந்தது. முன்னால் இருந்து பின்னால் வரை அத்தனை பேரையும் தாண்டி அவர் நடந்து வந்திருக்கிறார். கை கழுவப் போகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் என் பக்கத்தில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். இவருக்கும் ராசாவை நினைத்துக் கவலை, அதனால்தான் என்னோடு வந்து இருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"கொஞ்சம் தண்ணி அள்ளித் தாங்க மகன்" என்றார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அவருடைய மடியில் இருந்த சிவப்பு பெரிதாகியிருந்தது. ஆட்டின் ரத்தம் பெரிதாகாது. அது பட்ட இடத்திலேயே காய்ந்து கறுக்கும். இது மினுங்கிக்கொண்டு, அவருடைய முழங்கையால் வழிந்து மணலில் சொட்டியது. அவர் முகம் தேங்காய்ப்பூ நிறத்தில் இருந்தது.

"சும்மா கீறல். ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" என்றார் சாச்சா. அப்போதும் சிரித்தார்.

நான் வாளியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடி, ராத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். சாரனைக் கொஞ்சம் விலக்கினாள். முன்னங்கையின் உட்பக்கத்தில் இருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீச்சியது. உடனே சாரனோடு சேர்த்துத் தன் உள்ளங்கையால் அமத்தினாள். அமத்தியபடியே என்னிடம், "பெட்டிய எடுத்துட்டு வா" என்றாள்.

நான் அசையவில்லை.

"கெதியா போடா."

போனேன், கொண்டுவந்தேன். அவளே ஒரு கையால் மூடியைத் திறந்தாள். கையுறை இருந்தது. முக்கோணத் துணி இருந்தது. பட்டைகள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ராசாட கால்ல கட்டினன்" என்றேன்.

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். ராத்தா அடிக்கவில்லை. ஒரு மூச்சு விட்டாள்.

"சேட்டக் கழட்டு" என்றாள்.

அன்று காலையில்தான் முதல்முறையாகப் போட்ட சட்டை அது. இளநீல நிறம், நீளக் கை. வாப்பா அனுப்பிய துணியில் தைத்தது. கழற்றிக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து, சாரனை விலக்கி, சரியாகக் காயத்தின் மேல் வைத்து, "ரெண்டு கையாலயும் அமத்து. உன்ட முழுப் பாரத்தையும் போடு" என்றாள். பிறகு கையுறையை எடுத்துத் தான் போட்டாள். ஒரு சோடிதான் இருந்தது. இறைச்சிப் பங்கு போடுவதற்கென்று வாங்கி வைத்த ஷொப்பிங் பேக் கட்டு ஒன்று கிணற்றுக் கட்டில் கிடந்தது. அதில் இரண்டை உருவி, என் கைகளை ஒவ்வொன்றாக எடுக்க வைத்து, அந்த இடத்தில் தன் கையால் அமத்திக்கொண்டு, என் கைகளில் மாட்டிவிட்டாள். அந்தக் கோலத்தில்தான், வெறும் மேலோடு, கையில் இறைச்சிப் பையோடு, சாச்சாவின் கையில் தொங்கிக்கொண்டு இருந்தேன். சாச்சாவை மண்ணில் படுக்க வைத்து, அந்தக் கையை மட்டும் உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள்.

அதற்குள் விஷயம் முன்வளவுக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் பார்க்கப் போகாமல் இருக்க மாட்டோம். அது நல்ல பழக்கந்தான். ஆனால் பார்ப்பது என்றால் உண்மையாகவே பார்ப்பது. காயம் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம், எலும்பு தெரியுதா என்று கண்ணால் காணாமல் போனால் வந்ததாகவே கணக்கில்லை. பக்கத்து வீட்டார் வந்து, துணியை ஒருக்கா தூக்கச் சொன்னார். மாமாவின் மனைவி, எங்கள் மாமி, ஒரு தட்டில் கோப்பித்தூளோடு வந்து, இதை அள்ளி வைத்தால் நின்றுபோகும், தூக்குங்கள் என்றார். சாச்சி ஓடிவந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உம்மா அவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் ராத்தா ஒரே பதிலைச் சொன்னாள்: தூக்க ஏலாது. பதினாலு வயதுப் பெண் பிள்ளை பெரியவர்களிடம் ஏலாது என்று சொல்லி அந்த வளவு கேட்டதில்லை. மாமியின் முகம் சுருங்கிவிட்டது.

சாச்சா படுத்தபடியே கண்ணைத் திறந்து, "கோப்பித்தூளக் கொண்டு போய் கோப்பி ஊத்துங்க. வந்து குடிக்கிறன்" என்றார்.

அப்போதுதான் மாமா வந்தார். கூட்டம் விலகியது. அவர் என் தலைக்கு மேல் நின்றார். அவருடைய கையில் இன்னும் அந்தக் கத்தி இருந்தது.

"எடுறா கைய. நான் பாக்கணும்."

மாமா கூப்பிட்டால் விளையாட்டைப் பாதியில் விட்டு ஓடுகிறவன் நான். என் சட்டை நனைந்து கனத்து, பைக்குள்ளே சூடு தெரிந்தது. இன்னும் வருகிறதா, நின்றுவிட்டதா என்று எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு விரலைத் தூக்கினால் போதும், மாமாவின் கோபம் இல்லை. தூக்கினால் சாச்சா என்ன ஆவார் என்று தெரியாது.

"ஏலா மாமா" என்றேன்.

என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவே இல்லை. குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நெஞ்சையும் சேர்த்துக் கையின் மேல் போட்டு அமத்தினேன்.

"மாமா" என்றாள் ராத்தா. "இப்பதான் உள்ளுக்கு ரத்தம் கட்டிபடத் தொடங்கியிரிக்கும். ஒரு தரம் தூக்கினா எல்லாம் திரும்ப முதல்ல இரிந்து. நீங்க பாக்கிற நேரத்துல ஒரு ஓட்டோ பிடிச்சாப் போதும்."

என் மணிக்கட்டில் இருந்த பிடி இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு விட்டது. கண்ணைத் திறந்தபோது மாமா கத்தியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, தன் வயதுக்குப் பொருந்தாத ஓட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தார்.

"மச்சான்" என்று சாச்சா பின்னால் கூப்பிட்டார். "ஆட்டுப் பங்கோட என்ட கையையும் போட்டுடாதீங்க."

பெருநாளன்று எங்கள் ஊர் ஓட்டோ எல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விடும். சந்தியில் நின்றது பக்கத்துத் தமிழ் ஊர் அண்ணன் ஒருவருடைய ஓட்டோ. அவர்களுக்கு அன்று பெருநாள் இல்லாததால் ஹயருக்கு வந்து நின்றிருக்கிறார். உள்ளே புது சீட் உறை போட்டிருந்தது. ராத்தா அதைப் பார்த்துத் தயங்கியபோது அவர், "சீட்ட விடுங்க தங்கச்சி, ஆளை ஏத்துங்க" என்றார்.

நடுவில் சாச்சா, ஒரு பக்கம் நான், மறுபக்கம் ராத்தா. மாமா சாரதியின் பக்கத்தில் அரைக் கதிரையில் தொங்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில் சட்டையையும் தாண்டி ரத்தம் ஊறியது. நான் சட்டையை எடுத்து மறுபக்கம் திருப்பப் பார்த்தேன். ராத்தா என் கையில் தட்டினாள். "அத எடுக்காத, அதுக்கு மேல வை" என்று முக்கோணத் துணியை மடித்து மேலே வைத்து, அதன் முனைகளைச் சுற்றி இறுக்க முடிந்து, மேலே திரும்பவும் என் கையை வைத்தாள். ஒரு திருப்பத்தில் ஓட்டோ நின்றபோது, புது உடுப்போடு நின்ற ஒரு பெரியவர் என் கையில் இருந்த பைகளைக் கண்டு, பங்கு கொடுத்து முடிந்துவிட்டதா என்று சந்தோஷமாக விசாரித்தார். மாமா ஓம் என்றார்.

"தம்பிக்கு ஏசாதீங்க மகள்" என்றார் சாச்சா ராத்தாவிடம். குரல் மிக மெதுவாக இருந்தது.

"ஏசுவன். நீங்க முதல்ல சுகமாகுங்க."

அவர் கண்ணை மூடும்போதெல்லாம் ராத்தா கதை கொடுத்துக்கொண்டே வந்தாள். சாச்சியை முதலில் எங்கே கண்டீர்கள் என்றுகூடக் கேட்டாள். வேறு நாளாக இருந்தால் மாமா முன்னால் அப்படிக் கேட்க முடியுமா? சாச்சாவும் பதில் சொன்னார். போட்டோக் கொப்பி எடுக்க வந்தபோதுதானாம். அது மாமாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் கையை எடுக்கச் சொன்னார். எனக்கு எடுக்க முடியவில்லை. விரல்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன. ராத்தா ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள். ரத்தக் குழாய் ஒன்று வெட்டுப்பட்டிருக்கிறது, வழியில் யாரும் திறந்து பார்க்காமல் அமத்திக்கொண்டே வந்தது நல்லது என்று டொக்டர் சொன்னார். உள்ளே கொண்டுபோய்த் தைத்தார்கள். என் சட்டையை ஒரு தாதி இரண்டு விரலால் தூக்கி, மூடியுள்ள வாளிக்குள் போட்டார்.

மூடி விழுந்த சத்தத்தோடு எனக்கு அழுகை வந்தது. சும்மா அழுகையல்ல, வார்ட்டில் கிடந்தவர்கள் எழும்பி உட்கார்ந்து பார்க்கும் அழுகை. சாச்சியும் உம்மாவும் அடுத்த ஓட்டோவில் வந்து சேர்ந்தார்கள். சாச்சி என்னைக் கட்டிப்பிடித்து, சாச்சா மேல் இவ்வளவு பாசமா என்று தானும் அழுதார். மாமா முதல்முறையாக என் தலையைத் தடவினார். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் அழுதது புதுச் சட்டைக்காக. அதை ஒருவரிடமும் சொல்லத் துணிவு வரவில்லை.

ராத்தா சொன்னபடி ஏசினாள். சாச்சா வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏசினாள். ஆட்டைக் காப்பாற்ற நினைத்தது பிழை இல்லையாம். முதலுதவிப் பெட்டியில் இருந்து எடுத்துவிட்டுச் சொல்லாமல் இருந்ததுதான் பிழையாம். நீ சொல்லியிருந்தால் அன்றிரவே பாமசியில் வாங்கி வைத்திருப்பேன் என்றாள். டீச்சரிடம் அவள்தான் ஏச்சு வாங்கினாள். போட்டியில் இரண்டாம் இடம் வந்தது. காயப்பட்டவனாகப் படுத்தவன் நான் இல்லை, வேறு ஒரு பிள்ளை. அதனால்தான் முதலாம் இடம் தவறியது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த நோன்புப் பெருநாள் வந்தது. பெருநாளன்று விடியவே சாச்சா ஒரு பொட்டலத்தோடு எங்கள் பக்கம் வந்தார். அதே இளநீலம், அதே நீளக் கை. கல்முனைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கித் தேடினாராம். தானே போட்டுவிட வேண்டும் என்று என் முன்னால் குந்தினார். இரண்டு கையாலும் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார். வெட்டுப்பட்ட இடது கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடியவில்லை. பொத்தான் வழுகி வழுகிப் போனது. அவர் சிரித்துக்கொண்டு, "இந்தப் பொத்தான் பெரிய கள்ளன்" என்று திரும்பத் திரும்பப் பிடித்தார். நாலாவது பொத்தானுக்கு வந்தபோது நான் திடீரென்று ஓவென்று அழத் தொடங்கினேன்.

உம்மா அடுப்படியில் இருந்து ஓடிவந்தார். சட்டை இறுக்கமா மகன், கழுத்துப் பிடிக்குதா என்று கேட்டார்.

ஓம், கழுத்துப் பிடிக்குது என்றேன். நானும் அதை அப்படியே நம்பினேன்.